உப்புத் தண்ணீரில் திரைந்த சவர்க்காரம்: செவ்ருல் என்ற மனிதரின் 102 ஆண்டுகள்

2009ஆம் ஆண்டு மார்ச் மாதம். வலைஞர்மடம் கடற்கரையில் ஒரு தரப்பாள் கொட்டிலில் இருந்தோம். எனக்கு அப்போது 18 வயது. மணலில் தோண்டிய பூவலில் ஊறும் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான் காணும். உடுப்புத் தோய்ப்பதற்குக் கடல்தான். அம்மாவிடம் அரைக்கட்டிச் சவர்க்காரம் மிச்சமிருந்தது. அதை ஒரு சொப்பிங் பையில் சுற்றி, அரிசியைப் போலப் பத்திரமாக வைத்திருந்தார்.

ஒருநாள் தம்பியின் சேட்டைக் கடல்தண்ணீரில் நனைத்துச் சவர்க்காரம் போட்டார். நுரை வரவில்லை. வெள்ளையாகத் திரைந்து துணியில் பிசுபிசுவென ஒட்டிக்கொண்டது. அம்மா இன்னும் கொஞ்சம் தேய்த்தார். இன்னும் கொஞ்சம் திரைந்தது. கட்டியில் பாதி போன பிறகுதான் நிறுத்தினார். அந்த மாதங்களில் அம்மா அழுது நான் கண்டது குறைவு. அன்று அந்தச் சவர்க்காரத்துக்காக அழுதார்.

ஏன் அப்படித் திரைந்தது என்ற கேள்வி எனக்குள் நெடுநாள் கிடந்தது. பின்னர் ஊடகக் கற்கைநெறி படித்து, எழுத்தைத் தொழிலாக்கிக்கொண்ட பிறகு, பொருளாதாரத் தடைக் காலத்தில் பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்த்தவர்களைச் சந்தித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு திரிந்தேன். பனங்களியில் சப்போனின் என்ற வகைப் பொருட்கள் இருப்பதால்தான் அது சவர்க்காரம் போல நுரைத்து அழுக்கை எடுக்கிறது என்று இரசாயனவியல் கற்பிக்கும் நண்பரொருவர் விளங்கப்படுத்தினார். அப்படியானால் சவர்க்காரம் என்பதே என்ன, அதை முதலில் கண்டு சொன்னவர் யார் என்று கேட்டேன். அவர் சொன்ன பெயர் மிஷெல் யூஜீன் செவ்ருல்.

ஓர் ஆய்வுகூடக் கதையை எதிர்பார்த்துத்தான் அவருடைய வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன். உள்நாட்டு யுத்தத்துக்குள் வளர்ந்த ஒரு பிள்ளையையும், 84 வயதில் எறிகணை வீச்சுக்குள் நின்ற ஒரு கிழவரையும் அங்கே சந்திப்பேன் என்று நினைக்கவில்லை.

ஆன்ஜே நகரத்துச் சிறுவன்

செவ்ருல் 1786ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி பிரான்சின் மேற்கே உள்ள ஆன்ஜே நகரத்தில் பிறந்தார். தந்தை சத்திரசிகிச்சை வைத்தியர். பிள்ளைக்கு மூன்று வயது நிறையும் முன்னரே பிரெஞ்சுப் புரட்சி வெடித்துவிட்டது. 1793இல் ஆன்ஜேக்குத் தெற்கே வாண்டே பகுதி மக்கள் புரட்சி அரசுக்கு எதிராக ஆயுதம் தூக்கினார்கள். அந்த யுத்தத்தில் இருபக்கமும் பிரெஞ்சுக்காரர். அரச படைகள் வாண்டே ஊர்களை எரித்தன. பொதுமக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் கிளர்ச்சிப் படை ஆன்ஜே நகரையும் முற்றுகையிட்டுத் தோற்றுப் பின்வாங்கியது. அதன் பிறகு நகரத்துக்குள் கைதுகளும் மரணதண்டனைகளும் நடந்தன.

பாதிரியார் ஒருவரை ஒளித்துவைத்தார்கள் என்ற குற்றத்துக்காக இரண்டு இளம்பெண்களின் தலை கில்லட்டினில் வெட்டப்பட்டதைச் சிறுவன் செவ்ருல் கண்டதாக அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அப்போது அவருக்கு ஏழு வயது. பாடசாலைகள் குழம்பிப்போயிருந்த காலம் என்பதால் ஆரம்பக் கல்வி வீட்டில்தான் நடந்தது. பிறகு ஆன்ஜேயில் புதிதாகத் திறக்கப்பட்ட கல்லூரியில் இரசாயனவியல் படித்தார். 1803இல், 17 வயதில், பாரிஸுக்குப் போய் வொக்லான் என்ற பெயர்பெற்ற இரசாயனவியலாளரின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார்.

ஒரு துண்டுச் சவர்க்காரம்

1811இல் அவர் கைக்கு ஒரு சவர்க்காரம் வந்தது. பன்றிக் கொழுப்பையும் பொட்டாசையும் சேர்த்துக் காய்ச்சிய மென்மையான சவர்க்காரம். அதைப் பகுத்துப் பார்ப்பதுதான் வேலை. அதிக தண்ணீரில் அதைக் கரைத்தபோது ஒரு பகுதி கரைந்தது. இன்னொரு பகுதி முத்தைப் போல மினுங்கிக்கொண்டு அடியில் தங்கியது. வேறொருவராக இருந்தால் கரையாத கழிவு என்று ஊற்றியிருக்கலாம். செவ்ருல் அதை எடுத்து, அமிலம் சேர்த்துப் பிரித்துப் பார்த்தார். கொழுப்பைப் போலத் தெரிந்தும் அமிலத்தின் குணம் கொண்ட ஒரு பொருள் கிடைத்தது. கிரேக்க மொழியில் முத்தைக் குறிக்கும் சொல்லைக்கொண்டு அதற்கு மாகாரிக் அமிலம் என்று பெயரிட்டார். இன்று நாங்கள் பாணில் பூசும் மாஜரினுக்கும் அந்தச் சொல்லிலிருந்துதான் பெயர் வந்தது. அவர் ஒரே பொருள் என்று நினைத்தது உண்மையில் இரண்டு அமிலங்களின் கலவை என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. ஆனால் திறந்த கதவு திறந்ததுதான்.

அதுவரை சவர்க்காரம் பற்றி இருந்த விளக்கம் எளிமையானது. கொழுப்பும் காரமும் அப்படியே ஒன்றோடொன்று சேர்ந்தால் சவர்க்காரம் என்றார்கள். காய்ச்சும்போது கொழுப்பு உடைகிறது என்பதைச் செவ்ருல் காட்டினார். உடைந்து ஒரு பக்கம் கொழுப்பமிலங்களும், இன்னொரு பக்கம் இனிப்பான ஒரு திரவமும் வருகின்றன. அந்த இனிப்புப் பொருளை ஷீலே என்ற சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் 1783இலேயே கண்டிருந்தார். அதற்குக் கிளிசரின் என்று பெயர் வைத்தவர் செவ்ருல். கொழுப்பமிலம் காரத்தோடு சேர்ந்து உண்டாகும் உப்புதான் சவர்க்காரம். சோடியத்தோடு சேர்ந்தால் கட்டிச் சவர்க்காரம். பொட்டாசியத்தோடு சேர்ந்தால் களிபோன்ற சவர்க்காரம்.

இந்த வேலை பத்து வருடங்களுக்கு மேல் நீண்டது. ஸ்டியரிக், ஒலெயிக், பியூட்டிரிக் என்று இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் அமிலங்களை அவர் பிரித்துக் காட்டினார். தான் பிரித்தெடுத்தது தூய பொருளா, கலவையா என்பதை அறிய வெப்பநிலையைத் துணைக்கு எடுத்தார். ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பளிங்காக்கி, அது உருகும் வெப்பநிலை இனி மாறாது என்று கண்ட பிறகுதான் அதைத் தூயது என்று ஏற்றுக்கொண்டார். இன்று உலகமெங்கும் மாணவர்கள் செய்யும் உருகுநிலைச் சோதனையை ஒழுங்கான முறையாக்கியவர்களில் அவர் முன்னோடி. 1823இல் இந்த ஆய்வுகளையெல்லாம் ஒரே நூலாக வெளியிட்டார்.

உப்பும் சூடும்

அம்மாவின் சவர்க்காரத்துக்கு என்ன நடந்தது என்பதை இங்கேதான் புரிந்துகொண்டேன்.

சவர்க்காரம் காய்ச்சுபவர்கள் செவ்ருலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே ஒரு வேலை செய்துவந்தார்கள். கொழுப்பும் காரமும் நன்றாக வெந்த பிறகு கொப்பரைக்குள் உப்பை அள்ளிப் போடுவார்கள். உடனே சவர்க்காரம் தயிர்போலத் திரைந்து மேலே மிதக்கும். மிஞ்சிய காரமும் கிளிசரினும் உப்புத் தண்ணீரோடு கீழே நிற்கும். மேலே மிதப்பதை எடுத்துத்தான் கட்டியாக்கினார்கள். கடற்கரையில் அம்மாவின் கைக்குள் நடந்ததும் இதேதான். கொப்பரையில் சவர்க்காரத்தைப் பிரித்தெடுக்க உதவிய உப்பு, கடலில் அதைக் கரையவிடாமல் தடுத்தது.

காரணம் செவ்ருல் பிரித்துக் காட்டிய அமைப்புக்குள் இருக்கிறது. சவர்க்காரத்தின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தண்ணீரை விரும்பும் ஒரு தலையும், எண்ணெயை விரும்பும் ஒரு நீண்ட வாலும் உண்டு. தண்ணீருக்குள் போதுமான அளவு சேர்ந்ததும் அவை வால்களை உள்ளே வைத்து, தலைகளை வெளியே நீட்டி, சிறு உருண்டைகளாகக் கூடுகின்றன. எண்ணெய் அழுக்கு அந்த உருண்டைக்குள் அகப்பட்டுத் தண்ணீரோடு போகிறது. இந்தக் கூட்டங்களைப் பற்றி 1913இல் எடுத்துச் சொன்னவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பணியாற்றிய மக்பெயின். பிற்காலத்தில் இந்தியாவின் பூனாவில் உள்ள தேசிய இரசாயன ஆய்வுகூடத்தின் முதல் இயக்குநராகவும் இருந்தவர் அவர்.

தலைகளில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளும். தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் அந்தத் தள்ளுதல் குறையும். உருண்டைகள் இன்னும் இலகுவாகச் சேரும். ஷம்போவும் பாத்திரம் கழுவும் திரவமும் தடிப்பாக இருப்பதற்குப் பல உற்பத்தியாளர்கள் சாதாரண உப்பைச் சேர்ப்பது இதனால்தான். ஆனால் உப்பு அளவு கடந்தால் சவர்க்காரத்துக்குத் தண்ணீரில் இடமில்லாமல் போகிறது. அது திரைந்து பிரிந்துவிடுகிறது. கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. போதாததற்கு அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறுகின்றன. துணியில் ஒட்டியது அதுதான். எங்கள் உவர்க்கிணறுகளில் சவர்க்காரம் நுரைக்கச் சிரமப்படுவதும் இந்த உப்புகளால்தான்.

வெப்பநிலைக்கும் இதில் பங்குண்டு. ஒவ்வொரு சவர்க்காரத்துக்கும் ஒரு குறைந்தபட்சச் சூடு தேவை. அதற்குக் கீழே அது திண்மமாகவே கிடக்கும், உருண்டைகள் உண்டாகா. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை ஆராய்ந்த ஜேர்மனியரான கிராஃப்ட்டின் பெயரால் அந்த வெப்பநிலை இன்று அழைக்கப்படுகிறது. வால் நீளமானால் கூடுதல் சூடு வேண்டும். மாட்டுக்கொழுப்பில் நிறைந்திருக்கும் ஸ்டியரிக் அமிலத்தின் வால் நீளமானது. தேங்காயெண்ணெயில் நிறைந்திருக்கும் லோரிக் அமிலத்தின் வால் குட்டையானது. அதனால் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் குளிர்ந்த தண்ணீரிலும், ஓரளவுக்குக் கடல்நீரிலும்கூட நுரைக்கும். கப்பல் மாலுமிகளுக்கென்று ஒரு காலத்தில் தேங்காயெண்ணெயில் தனிச் சவர்க்காரம் செய்தார்கள். நாங்கள் இருந்த கரைக்குப் பின்னால் தென்னந்தோப்புகள் நின்றன என்பதை இந்த இடத்தைப் படிக்கும்போது நினைத்துக்கொண்டேன்.

கறுப்பு நூலும் ஆடும் ஊசலும்

செவ்ருலின் கண்டுபிடிப்பு வீடுகளுக்கு வெளிச்சமும் கொடுத்தது. அந்தக் காலத்து ஏழை வீடுகளில் மாட்டுக்கொழுப்பு மெழுகுதிரிதான். புகையும் நாற்றமும் அதிகம்; சூட்டில் வளைந்துவிடும். கொழுப்பிலிருந்து பிரித்த திண்ம அமிலத்தில் செய்தால் கடினமான, புகை குறைந்த மெழுகுதிரி கிடைக்கும் என்று கண்டு, 1825இல் கேலுசாக் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து காப்புரிமை பெற்றார். வியாபாரம் அவர்களுக்குக் கைகூடவில்லை. சில வருடங்கள் கழித்து வேறொருவர்தான் அதைச் செலவு குறைந்த முறையில் செய்து விற்றார். ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு, ஒரு நல்ல மெழுகுதிரியின் பெறுமதியைச் சொல்லித்தரத் தேவையில்லை.

1824இல் பாரிஸின் புகழ்பெற்ற கொபெலின் திரைச்சீலை ஆலையில் சாயத் துறையின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கே ஒரு முறைப்பாடு இருந்தது. நீலம், ஊதா நிறங்களுக்குப் பக்கத்தில் வைத்து நெய்யும்போது ஆலையின் கறுப்பு வெளிறித் தெரிகிறது என்றார்கள். செவ்ருல் அந்தக் கறுப்பை மற்ற ஆலைகளின் கறுப்போடு ஒப்பிட்டார். சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் இருக்கும் நிறம்தான் கறுப்பைப் பார்க்கும் கண்ணை மாற்றுகிறது. ஒரு நிறத்தைத் தனியே பார்ப்பது வேறு, இன்னொன்றின் அருகில் பார்ப்பது வேறு என்பதை விளக்கி 1839இல் ஒரு பெரிய நூல் எழுதினார். சேரா போன்ற ஓவியர்கள் பின்னர் அதிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டார்கள்.

மந்திர ஊசல்கள் பற்றிய நம்பிக்கையையும் இதே பொறுமையோடுதான் அணுகினார். நூலில் கட்டிய ஊசல் தானாக ஆடுகிறது என்று பலர் சொன்னார்கள். அவர் தானே பிடித்துப் பார்த்தார், ஆடியது. பிறகு கையை ஓரிடத்தில் ஊன்றிப் பார்த்தார், ஆட்டம் குறைந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு பார்த்தார், அப்போதும் ஆடவில்லை. எதிர்பார்ப்பு தன் கையைத் தனக்கே தெரியாமல் அசைக்கிறது என்ற முடிவை 1833இல் எழுதினார். பொய் சொல்கிறார்கள் என்று யாரையும் குற்றம் சாட்டவில்லை. தன்னைத்தான் சோதித்தார். சாட்சிகளிடம் வாக்குமூலம் வாங்கும் தொழிலில் இருக்கும் எனக்கு இந்தப் பகுதி மிகவும் தேவைப்பட்டது.

1871 ஜனவரி 8, இரவு

1863இல் செவ்ருல் பாரிஸின் இயற்கை வரலாற்று நூதனசாலையின் இயக்குநரானார். தாவரப் பூங்கா, கண்ணாடிப் பசுங்கூடங்கள், ஆய்வுகூடங்கள் எல்லாம் சேர்ந்த பெரிய நிறுவனம் அது. 1870இல் பிரஷ்யாவோடு யுத்தம் மூண்டது. செப்டெம்பரில் பிரஷ்யப் படைகள் பாரிஸைச் சுற்றிவளைத்தன. உணவு உள்ளே வரவில்லை. குதிரை இறைச்சி, பிறகு பூனை, எலி என்று மக்கள் சாப்பிட்டார்கள். விறகும் இல்லாத கடுங்குளிர். செவ்ருல் நகரத்தை விட்டுப் போகவில்லை. வயது 84.

1871 ஜனவரி தொடக்கத்தில் நகரத்தின் தென்பகுதி மீது எறிகணை வீச்சு தொடங்கியது. வைத்தியசாலைகள் இருந்த இடங்களிலும் விழுந்தன. 8ஆம் திகதி இரவு நூதனசாலை வளவுக்குள் விழுந்த எறிகணைகளில் பசுங்கூடங்களின் கண்ணாடிகள் நொறுங்கின. வெப்பநாடுகளிலிருந்து கொண்டுவந்து தலைமுறைகளாக வளர்த்த செடிகள் ஒரே இரவின் குளிரில் கருகின.

அடுத்தநாள் விஞ்ஞானக் கழகத்தின் கூட்டம் இருந்தது. செவ்ருல் அங்கே ஓர் அறிவித்தலை முன்வைத்தார். அதன் சாரம் இவ்வளவுதான்: இந்தப் பூங்கா 13ஆம் லூயி மன்னரின் காலத்தில் நிறுவப்பட்டது, 1793இல் புரட்சிச் சபையின் ஆணைப்படி நூதனசாலையானது, 1871 ஜனவரி 8ஆம் திகதிக்கும் 9ஆம் திகதிக்கும் இடைப்பட்ட இரவில், முதலாம் வில்லியம் பிரஷ்யாவின் அரசராகவும் பிஸ்மார்க் அவருடைய அதிபராகவும் இருந்தபோது, பிரஷ்யப் படையால் எறிகணை வீச்சுக்கு உள்ளானது, அதுவரை எல்லாக் கட்சியினரும், உள்நாட்டு வெளிநாட்டு அதிகாரங்கள் எல்லாமும் இந்த இடத்தை மதித்து வந்திருந்தன. கழகத்தின் நடவடிக்கைக் குறிப்பில் அது அச்சாகியது.

இதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். அதில் அழுகை இல்லை, சாபம் இல்லை. இடம், அதன் வரலாறு, இரவு, அடித்தது யார், கட்டளை வட்டத்தில் இருந்தவர் யார். தன் பளிங்குகளின் உருகுநிலையைக் குறித்து வைத்த அதே கைதான் இதையும் எழுதியது. அந்த அறிவித்தல் எறிகணைகளை நிறுத்தவில்லை. அந்த மாத இறுதியில் பாரிஸ் பணியும்வரை அவை விழுந்துகொண்டுதான் இருந்தன. அதற்காக யாரும் தண்டிக்கப்பட்டதாகவும் இல்லை. ஆனால் அந்த இரவு நடந்ததை நடக்கவில்லை என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. 150 ஆண்டுகள் கழித்து, வேறொரு கரையில் இருக்கும் நான் அதை வாசிக்கிறேன்.

அதே ஆண்டு மே மாதத்தில் பாரிஸ் கம்யூன் எழுச்சியின் இறுதி நாட்களில் கொபெலின் ஆலையின் ஒரு பகுதியும் எரிந்தது. இந்தத் தடவை யுத்தம் பிரெஞ்சுக்காரருக்குள்ளேயே நடந்தது. ஏழு வயதில் கண்டதை அவர் 84 வயதில் திரும்பக் கண்டார். பிறகு வேலைக்குத் திரும்பினார். 1879வரை இயக்குநராக இருந்தார். பேராசிரியர் பதவியை இறுதிவரை வைத்திருந்தார். அந்த வயதிலும் தன்னைப் பிரான்சின் மாணவர்களில் மூத்தவன் என்றுதான் சொல்லிக்கொண்டார்.

1886இல் அவருடைய நூறாவது பிறந்தநாளை நாடே கொண்டாடியது. புகைப்படக் கலைஞர் நடார் அவரோடு உரையாட, நடாரின் மகன் போல் படம் எடுத்தார். புகைப்படங்களோடு அமைந்த முதல் நேர்காணல் என்று ஊடக வரலாற்றில் நாங்கள் படித்தது இதைத்தான். வகுப்பில் அந்தப் படங்களைப் பார்த்தபோது அந்தக் கிழவர் யார் என்று நான் கேட்கவேயில்லை. 1889 வசந்தத்தில் அவருடைய ஒரே மகன் இறந்தார். சில நாட்களில், ஏப்ரல் 9ஆம் திகதி, செவ்ருலும் இறந்தார். அதற்குச் சற்று முன்னர்தான் ஈபிள் கோபுரம் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. அதில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் அவருடையதும் ஒன்று.

இதையெல்லாம் போன மாதம் அம்மாவுக்குச் சொன்னேன். உப்பு ஏன் திரைய வைத்தது என்பதைக் கவனமாகக் கேட்டார். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரமாக இருந்திருந்தால் நுரைத்திருக்குமா என்று கேட்டார். கொஞ்சம் நுரைத்திருக்கும் என்றேன். தன்னுடைய பிழை இல்லைத்தானே என்று இன்னொருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். இத்தனை வருடமும் தான் ஏதோ தவறாகச் செய்து அந்தக் கட்டியை வீணாக்கியதாகவே நினைத்திருந்திருக்கிறார்.

அது எந்தத் திகதி என்று கேட்டேன். அம்மாவுக்கு நினைவில்லை. பக்கத்துக் கொட்டில் மீது எறிகணை விழுந்ததற்கு முதல்நாள் என்பது மட்டும் தெரியும். அந்தக் கொட்டிலில் இருந்தவர்களில் உயிர் தப்பிய ஒருவர் இப்போது வவுனியாவில் இருக்கிறார். அடுத்த கிழமை அவரைச் சந்திக்கப் போகிறேன். திகதியைத் தெரிந்துகொண்டு எழுதி வைக்க வேண்டும்.